முத்திரையிட்ட சூப்

“படார்!”

தேர்வுத் துறையின் ஸ்ட்ராங் ரூமுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் முதலில் விழுந்தது சுவர்க் கடிகாரம். அடுத்து தேர்வு அதிகாரி. அவர் நாற்காலியிலிருந்து விழவில்லை, தாமாகவே மேஜைக்கு அடியில் சென்று அமர்ந்தார் என்று பிற்பாடு அலுவலகக் குறிப்பில் எழுதப்பட்டது.

“குண்டுடா!” என்று யாரோ கத்தினார்கள். எழுத்தர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். ஓடுவதற்கு முன் வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். கூட்டம் சேர்ந்ததால் கையெழுத்துப் போட வரிசையும் உண்டாயிற்று. உயிர் பெரிதுதான், ஆனால் மாதக் கடைசியில் சம்பளப் பிடித்தம் வந்தால் அதை யார் கேட்பது?

காவலாளி மட்டும் இரும்புக் கதவருகே போய்க் காதை வைத்தார்.

“ஐயா, உள்ளே ஏதோ புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது.”

“விடைத்தாள் எப்படிய்யா மூச்சு விடும்?” என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அதற்குள் கதவின் கீழ் இடுக்கு வழியே செக்கச்செவேல் என்று ஏதோ கசிந்து வந்தது. தரையில் நிதானமாக ஓடி, அதிகாரியின் மேஜையைத் தேடி வருவதுபோல் வந்தது.

“ஐயையோ, ரத்தம்! உள்ளே யாரையோ வெச்சுப் பூட்டிட்டீங்கய்யா!” என்று அலறினார் காவலாளி.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். ஜன்னலின் மேல் கம்பிக்கும் மேலே தலை இருந்ததால் குனிந்துதான் உள்ளே பார்க்க முடிந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்.

“ரத்தம் இல்ல சார். அது என் பீட்ரூட் சூப்.”

ஒரு பீட்ரூட் சூப் ஸ்ட்ராங் ரூமுக்குள் எப்படிப் போயிற்று என்று சொல்ல, ஒரு மாதம் பின்னால் போகவேண்டும்.

அந்தப் பெண்ணைப் பல்கலைக்கழகம் முழுவதும் நெட்டை என்றுதான் கூப்பிடும். கணிதம், கடைசி ஆண்டு. அக்காவின் பிரசவத்துக்கு உதவியாக ஊருக்குப் போனவள், பிறந்தது இரட்டைக் குழந்தைகள் என்பதால் சீக்கிரம் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டாள். ஒன்றைத் தூங்க வைத்தால் இன்னொன்று எழுந்துவிடும். அவள் திரும்பி வந்தபோது வருகைப் பதிவு அதலபாதாளத்தில் கிடந்தது. இறுதித் தேர்வு எழுத ஹால் டிக்கெட் கிடையாது, ஒரு வருஷம் போச்சு என்று துறையில் கையை விரித்துவிட்டார்கள்.

“ஒரு குழந்தைன்னா பரவாயில்ல, மன்னிச்சுடலாம். ரெண்டுக்கு விதி இல்லையேம்மா” என்றார் துறைத் தலைவர் உண்மையான வருத்தத்தோடு.

அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களிடையே தாவர உணவுப் பழக்கத்தை வளர்ப்பதற்காகப் பல்கலைக்கழகங்கள் உடனே சமையல் போட்டி நடத்தவேண்டும். மாமிசம், முட்டை, பால் எதுவும் கூடாது. செடி கொடி மரத்திலிருந்து வந்தவை மட்டும்.

யார் நடத்துவது என்று முடிவு செய்யத் துணைவேந்தர் கூட்டம் போட்டார்.

“நாங்க தாவரத்தைப் படிக்கிறவங்க, சாப்பிடறவங்க இல்ல” என்றது தாவரவியல் துறை.

“சமையலுக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார் விடுதி உணவகத்தின் பொறுப்பாளர். அதை யாரும் மறுக்கவில்லை. அங்கே சாப்பிட்டவர்கள் தலையை ஆட்டவும் செய்தார்கள்.

கடைசியில் தேர்வு அதிகாரி எழுந்தார். பளபளக்கும் கறுப்பு ஷூ, மடிப்புக் கலையாத சட்டை.

“போட்டின்னா என்னங்க? பத்துப் பேரை ஒரு ஹால்ல உட்கார வெச்சு, யாரு நல்லா பண்ணினான்னு பார்க்கிறது. அதுக்குப் பேரு பரிட்சை. பரிட்சைன்னா அது என் துறை. முப்பது வருஷமா நடத்தறேன். எங்கிட்ட பரிட்சை எழுதினவன் ஒருத்தன்கூட வயித்து வலின்னு வந்து நின்னதில்ல.”

கைதட்டல் எழுந்தது. போட்டியில் தேர்ச்சி பெறுபவர்களுக்கு வருகைக் குறைவு மன்னிக்கப்படும் என்று அப்போதே ஒரு சலுகையும் சேர்த்தார்கள். சலுகை இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நெட்டை அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“சமையல் போட்டியா? நீயா?” அம்மாவின் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. “நீ வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்குமேடி!”

“எனக்கு வேற வழி இல்லம்மா. ஏதாவது சுலபமா சொல்லு.”

“பீட்ரூட்டை வேகவை. ரெண்டு கேரட்டு, ஒரு கைப்பிடி பருப்பு போடு. உப்பு போடு. கெட்டுப்போறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல.”

அம்மா இப்படிச் சொன்னதை நெட்டை பின்னாளில் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

முதல் கட்டம், செய்முறையை எழுதித் தருவது. எந்தக் கட்டுரை வந்தாலும் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, வேறெங்கிருந்தாவது காப்பியடித்ததா என்று பார்ப்பது பல்கலைக்கழக வழக்கம். சூப்பும் அதில் போயிற்று. சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. ‘உப்பு தேவையான அளவு’ என்ற வாக்கியம் உலகிலுள்ள எல்லாச் சமையல் குறிப்புகளிலும் இருக்கிறதாம். சொந்தமாகச் சிந்தித்து எழுதவேண்டுமாம்.

நெட்டை ‘தேவைப்படும் அளவு உப்பு’ என்று மாற்றினாள். சிவப்பு. ‘ருசிக்கேற்ப உப்பு’. மறுபடி சிவப்பு. வெறுத்துப்போய் அந்த வரியையே எடுத்துவிட்டாள். உடனே பச்சை வந்தது.

“லூசு! உப்பை ஏன்டி எடுத்தே?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் அறைத்தோழி. வேதியியல் மாணவி. வாயாடி என்று பெயர். “நான் ‘சோடியம் குளோரைடு, மனசு போதும்னு சொல்ற வரைக்கும்’னு எழுதினேன். ரொம்பப் புதுமையான சிந்தனைன்னு பாராட்டி அனுப்பியிருக்காங்க.”

செய்முறையில் இல்லாத பொருளை ஹாலுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெட்டை உப்பில்லாமல்தான் போனாள்.

போட்டி நாளன்று வாசலிலேயே சோதனை நடந்தது. பறக்கும் படைத் தலைவர் ஒரு மாணவரின் காலிஃபிளவரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைப் பிரிச்சுக் காட்டு.”

“சார், காலிஃபிளவர் சார்.”

“தெரியுது. ஒரு காதுக்குள்ளயே பிட்டு வெச்சுக்கிட்டு வர்ற காலம் இது. இதுல எத்தனை இடுக்கு இருக்கு பாரு!”

வாயாடியின் முட்டைக்கோஸை ஒவ்வொரு இலையாகப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எதுவும் எழுதியிருக்கவில்லை என்று உறுதி செய்தபின் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

உள்ளே வரிசையாக மேஜை, மேஜைக்கு ஓர் அடுப்பு. பக்கத்து அடுப்பைப் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. ஒரு பாத்திரம் போதாதவர்கள் எழுந்து நின்று கையைத் தூக்கினால் கூடுதல் பாத்திரம் தருவார்கள். அதை முதல் பாத்திரத்தோடு நூலால் சேர்த்துக் கட்டவேண்டும். சிலர் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்துக்கு முடிச்சுப் போடப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார்கள். சுட்டுக்கொண்டவர்களும் சத்தம் போடக் கூடாது.

நெட்டை கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, வாயருகே கொண்டுபோனாள்.

“ஏய்! என்ன பண்றே?” கண்காணிப்பாளர் பாய்ந்து வந்தார்.

“ருசி பார்க்கறேன் சார்.”

“விடை சரியா தப்பான்னு நீயே பார்த்துக்கறியா? அப்ப நாங்க எதுக்கு? கரண்டியைக் கீழே வை!”

இருந்தாலும் ஆவியின் வாசனையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இது சூப் இல்லை, பீட்ரூட் குளித்த தண்ணீர். நெட்டையின் கண் கலங்கியதை அடுத்த வரிசையிலிருந்த வாயாடி பார்த்தாள். ஒரு காகிதத்தில் உப்பை மடித்து, தும்முவதுபோல் குனிந்து, தரையோடு தரையாகத் தள்ளிவிட்டாள். பொட்டலம் பாதி தூரம்தான் போயிற்று. ஒரு பூட்ஸ் கால் அதன்மேல் வந்து நின்றது.

“என்ன இது?” என்றார் பறக்கும் படைத் தலைவர்.

“உப்பு சார்.”

“உப்புன்னு நீ சொன்னா நம்பிடணுமா?” அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். முகம் இறுகியது. “உப்பேதான். எழுதிக்கங்க, கையும் களவுமா.”

“சார், அவ சூப்புல உப்பு இல்ல சார். பாவம்.”

“அடுத்தவங்க விடைத்தாள்ல பதில் இல்லைன்னா நீ எழுதிக் குடுப்பியாம்மா? இன்னைக்கு உப்பு, நாளைக்கு மிளகு. அப்புறம் இந்த நாடு எங்கே போய் நிக்கும்?”

வாயாடியை வெளியேற்றினார்கள். அவள் செய்த முட்டைக்கோஸ் பிரட்டலும் செல்லாது என்று அறிவித்து அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, காவலாளிக்கும் ஒரு பங்கு வைத்துச் சாப்பிட்டாள். அந்தப் போட்டியில் ஒரு மனிதர் வாய்க்குள் போன உணவு அது ஒன்றுதான்.

மணி அடித்தது. “அடுப்பை அணை! கரண்டியைக் கீழே வை! யாரும் கிளறக் கூடாது!”

ஒவ்வொருவரின் சமையலையும் ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றி, சணலால் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். யாருடையது என்று தெரியாமலிருக்கப் பெயரை மறைத்து வேறு ஓர் எண் ஒட்டினார்கள். அரக்கு சூப்பைவிட நல்ல வாசனையாக இருந்தது.

“சார், எப்ப சாப்பிட்டுப் பார்ப்பீங்க?” என்று கேட்டாள் நெட்டை.

“வெளித் தேர்வாளர் வரணும். அவர் பேருக்கு ஒப்புதல் வரணும். ஒரு மூணு வாரம் ஆகும்” என்றார் தேர்வு அதிகாரி.

“மூணு வாரமா! கெட்டுப்போயிடாதா சார்?”

அதிகாரி அவளை இரக்கத்தோடு நிமிர்ந்து பார்த்தார். “என் ஸ்ட்ராங் ரூம்ல முப்பது வருஷமா விடைத்தாள் இருக்கு. ஒண்ணாவது கெட்டுப்போயிருக்கா? மழைக்காலத்துலகூடப் புழு வெச்சதில்ல. நாங்க வைக்கிற முறை அப்படி. உங்க வீட்டுல கெட்டுப்போகும். ஏன்னா, உங்க வீட்டுல முத்திரை வைக்கிறதில்ல.”

இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று அவரிடம், மற்றது துணைப் பதிவாளரிடம். ஜாடிகள் உள்ளே போயின. வெளியே நல்ல வெயில்.

மூன்றாவது வாரத்தில் நெட்டையின் சூப் பொறுமை இழந்தது. அந்தச் சத்தம்தான் இந்தக் கதையின் தொடக்கத்தில் கேட்டது.

கதவைத் திறக்க இரண்டாவது சாவி வேண்டும். துணைப் பதிவாளர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். பிடுங்கி முடித்த கையோடு, கன்னத்தில் பஞ்சுடன் அழைத்து வரப்பட்டார். கதவு திறந்ததும் வெளியே வந்த வாசனையில் அவர் பஞ்சைத் துப்பிவிட்டார்.

ஜாடி சில்லுச் சில்லாகக் கிடந்தது. சுவரெல்லாம் சிவப்பு. ஓடிப்போன எழுத்தர்களில் ஒருவர் திரும்பி வந்து, “கழுவி விட்டுடலாம் சார்” என்றார்.

“கழுவறதா?” தேர்வு அதிகாரி கர்ஜித்தார். “அது ஒரு மாணவியோட விடை. அதுல ஒரு சொட்டு வெளியே போனாலும் விடைத்தாளை அழிச்ச குற்றம். நம்ம வேலை போயிடும். எல்லாத்தையும் சேகரிங்க!”

துடைத்தார்கள். துடைத்த துணியில் விடை இருந்ததால் துணியைப் பிழியாமல் அப்படியே ஒரு பெரிய தகர டிரம்மில் போட்டார்கள். கண்ணாடிச் சில்லு, ஈரத்தை உறிஞ்சப் போட்ட மரத்தூள், மிதியடி, துடைப்பம், வாளி எல்லாம் உள்ளே போயின. சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிப் போட்டார்கள். உடைந்த ஜாடியின் கழுத்தையும் டிரம்மையும், கூடுதல் பாத்திரம் என்ற முறையில், நூலால் சேர்த்துக் கட்டினார்கள்.

“ஐயா...” காவலாளி தயங்கினார். “உங்க வலது ஷூவுலயும் கொஞ்சம் விடை இருக்குங்க.”

அதிகாரி குனிந்து பார்த்தார். உண்மைதான். நீண்ட நேரம் யோசித்தார். பிறகு முப்பது வருஷ நேர்மையோடு ஷூவைக் கழற்றி டிரம்முக்குள் போட்டார். அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். துறையிலிருந்த அரக்கு அத்தோடு தீர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே நெட்டை தலையில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் வாயாடி.

“போச்சுடி. துடைப்பத்துக்கு யாரு மார்க் போடுவா? எனக்கு இந்த வருஷம் போச்சு.”

“அழாதே. என் கேஸைப் பாரு. உப்பு குடுத்ததுக்கு விசாரணைக் கமிஷன் வெச்சிருக்காங்க. ‘இந்த உப்பு எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கு’ன்னு கேக்கறாங்க.”

வெளித் தேர்வாளர் ஒருவழியாக வந்தார். அந்தப் பருவத்துக்கு ஒப்புதல் கிடைத்தவர்களில் வேறு யாரும் கிடைக்காததால் வந்தவர் ஒரு கணிதப் பேராசிரியர். வெள்ளைத் தலை, சாந்தமான முகம், மாலை ரயிலுக்கு டிக்கெட்.

ஜாடிகளை அவர் முன்னால் அடுக்கினார்கள். அவர் ஒன்றைக் கையில் தூக்கினார். கண்ணை மூடினார். லேசாக மேலும் கீழும் ஆட்டினார். “அம்பத்தி ரெண்டு” என்றார். அடுத்ததைத் தூக்கினார். “இது கொஞ்சம் மேலோட்டமா இருக்கு. முப்பத்தி ஒம்பது.”

“முத்திரையை உடைச்சுத் தரட்டுமா சார்?” என்றார் எழுத்தர்.

“உடைச்சா திரும்ப வைக்கணுமே. அரக்கு இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப எதுக்கு வீண் வேலை?”

கடைசியில் டிரம் வந்தது. தேர்வாளர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் தூக்கினார், முடியவில்லை. எழுத்தரும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மூன்று பேருமாக ஒரு விரற்கடை தூக்கி, “தொப்” என்று வைத்தார்கள்.

“அடேயப்பா!” தேர்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இந்தப் பிள்ளை விஷயத்தை உள்வாங்கிப் பண்ணியிருக்கு. ஆழம் தெரியுது. தொண்ணூத்தி ஏழு. நூறு போட்டா மேல கேள்வி கேப்பாங்க.”

பரிசளிப்பு விழாவில் மேடையின் நடுவே டிரம்முக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். முன் வரிசை ஏனோ காலியாக இருந்தது. இரண்டாவது வரிசையும் கொஞ்ச நேரத்தில் காலியாயிற்று. தேர்வு அதிகாரி இடது காலில் பளபளக்கும் கறுப்பு ஷூவும் வலது காலில் ரப்பர் செருப்புமாக மேடையில் அமர்ந்திருந்தார். புது ஜோடி வாங்கினால், பழைய ஷூ எங்கே என்ற கேள்வி வரும்.

துணைவேந்தர் கைக்குட்டையால் மூக்கை மூடியபடியே பேசினார்.

“உணவுன்னா என்ன? சாதாரண மக்கள் அதைச் சாப்பிடற பொருள்னு நினைக்கிறாங்க. அந்தக் குறுகிய பார்வையிலிருந்து உணவை விடுதலை செஞ்சது நம்ம பல்கலைக்கழகம்! மத்த ஊர்ல சமையல் போட்டி நடத்தினா யாருக்காவது வயிறு கெட்டுப்போகும். இங்கே இத்தனை பேர் சமைச்சும் ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகல. ஏன்? ஒருத்தரும் வாயில வைக்கல! இதுதான் கட்டுப்பாடு. அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போய், சமைக்காமலே போட்டி நடத்த உத்தேசிச்சிருக்கேன்.”

கைதட்டல் நீண்டது. கை தட்டினால் மூக்கை மூட முடியாது என்பதால் சட்டென்று நின்றது.

நெட்டைக்குச் சான்றிதழ் கிடைத்தது. கூடவே அவள் கேட்டதும் கிடைத்தது, இறுதித் தேர்வுக்கான ஹால் டிக்கெட். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினாள். உடனே அம்மாவுக்குப் போன் செய்தாள். “முதல் பரிசும்மா!”  அம்மா கேட்டாள்: “மொத்தம் எத்தனை பேருடி கலந்துக்கிட்டீங்க? உன்னைத் தவிர?”

வாசலில் வெளித் தேர்வாளர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நெட்டை ஓடிப்போய் அவர் முன் நின்றாள். வாயாடி பின்னாலேயே வந்து, “உளறிடாதேடி” என்று முதுகில் கிள்ளினாள். கிள்ளியும் பயனில்லை.

“சார், நன்றி சார். ஆனா மனசு கேக்கல. அந்த டிரம்முக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பார்த்தீங்களா சார்?”

“எனக்கு எதுக்கும்மா அது?” அவர் பெட்டியைக் கீழே வைத்தார். “திறந்து பார்த்தா மனசு சஞ்சலப்படும். ஒண்ணு நல்லா இருக்கும், ஒண்ணு மோசமா இருக்கும். நடுநிலை போயிடும்.”

நெட்டை ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாங்கிய மார்க்குக்கு இனிமேலாவது உழைத்துத் தீர்த்துவிடவேண்டும் என்று தோன்றியது.

“சார், இந்தப் பரிட்சையை நான் விடமாட்டேன் சார். இன்னையிலிருந்து உயிரைக் குடுத்துப் படிக்கப் போறேன். கணக்கு ஒவ்வொண்ணையும் போட்டுப் பார்த்துடுவேன்.”

வெளித் தேர்வாளர் அன்போடு அவள் தோளைத் தட்டினார்.

“படிக்கிறதெல்லாம் உன் இஷ்டம்மா. கூடுதல் தாள் மட்டும் நிறைய வாங்கிக் கட்டு. அதையும் தூக்கிப் பார்க்கப் போறது நான்தானே.”